என் டி.எஸ்.எல்., பாவாவின் கேபிள்

இன்று காலை ஃபைபர் நெட் போட வந்தவர், வாசல் நிலைக்கு மேலே சுருண்டு கிடந்த பழைய டெலிபோன் ஒயரைக் காட்டி, “இது வேஸ்ட்டு சார், அறுத்துடட்டுமா?” என்று கேட்டார். சரி என்று சொல்ல வாயெடுத்தவன், “இருங்க, முதல்ல அந்தப் பெட்டியக் கழட்டிக் குடுங்க” என்றேன். சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த பழைய மோடத்தைக் கழற்றிக் கொடுத்தார். மேலெல்லாம் தூசி, பின்பக்கம் இரண்டு பல்லி முட்டை ஓடு. மூக்கருகே கொண்டுபோனேன். சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனை கொஞ்சம் மிச்சம் இருந்தது. இருந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா என்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்கு அந்த வாசனைதான். அதோடு சமையலறையிலிருந்து சுமதி போடும் வெங்காய போண்டாவின் வாசனை. சுமதி என் மனைவி. அவள் தங்கை கீதா கல்யாணமாகி அமெரிக்கா போய்விட்டாள். கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுவது எங்கள் திருத்தணிப் பக்கம் இன்னும் வந்து சேராத காலம். டெலிபோன் ஒயரிலேயே வரும் டி.எஸ்.எல். இணைப்பை எங்கள் சொந்தக்காரர்களில் முதலில் வாங்கியவன் நான். அரக்கோணத்தில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் வாங்கியதற்கு ஆபீஸ் வேலை என்று வீட்டில் சொல்லியிருந்தேன். ஆபீஸ் வேலை எதையும் அதில் செய்ததாக ஞாபகம் இல்லை.

சாயங்காலமானால் நைனா வருவார். நைனா என்றால் என் மாமனார். ஆந்திரா எட்டிப் பிடிக்கிற தூரம் என்பதால் எங்களுக்கு அப்பா நைனா, மச்சான் பாவா. மகளைப் பெட்டியில் பார்க்கத்தான் வருகிறார், ஆனாலும் முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை உடுத்தி, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வருவார். ஹாலில் நாற்காலிகளைக் கம்ப்யூட்டரைப் பார்த்துப் போட்டு வைப்பேன். முதல் நாற்காலி அவருக்கு. மவுஸ் என் கையில். நான் அழுத்தினால்தான் கீதா வருவாள். கீதாவின் முகம் கட்டம் கட்டமாக வரும், வாய் அசைந்து முடிந்த பிறகு சத்தம் வரும். நைனா அந்தக் கட்டங்களை உற்றுப் பார்த்து, “இளைச்சுப் போயிட்டியேம்மா” என்பார். எந்தக் கட்டத்தில் அதைக் கண்டுபிடித்தார் என்பது மலைமேல் இருக்கிறவனுக்குத்தான் தெரியும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அந்த ஒரு மணி நேரம் நான்தான் அந்தக் குடும்பத்துக்கு ராஜா.

ஆலை வந்துவிட்டது. அடுத்த தெருவில், பாவா வீட்டில்.

பாவா என்று நான் சொல்வது சுமதியின் அண்ணன் தாமுவை. பஸ் ஸ்டாண்டு பக்கம் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தான். சத்தமாகச் சிரிப்பான், யாருக்கு என்றாலும் ஓடுவான், தலைமுடி கொட்டவே கொட்டாது. அவன்மேல் எனக்குப் பொறாமை வருவதற்குக் கேபிள் தேவைப்பட்டிருக்கவில்லை, கல்யாணத்தன்றே ஆரம்பித்துவிட்டது. நான் சொன்ன அதே ஜோக்கை அவன் சொன்னபோது நைனா சிரித்தார்.

அவன் தெருவுக்கு டி.வி. இணைப்பு கொடுத்துக்கொண்டிருந்த கேபிள்காரர், அதே ஒயரில் நெட்டும் கொடுக்க ஆரம்பித்தார். என்னைவிடக் குறைந்த மாதக் கட்டணம். மூன்று பங்கு வேகம். எனக்கு இவ்வளவுதான் என்று ஓர் அளவு உண்டு, தாண்டினால் பில் எகிறும். அவனுக்கு அளவே கிடையாது. ஒருநாள் கடையிலிருந்து போன் செய்தான்.

“மாப்ள, ஒரு தபா வூட்டாண்ட வந்து பாரேன். கீதா மூக்குத்தி தெரியுதுபா!”

என் நெட்டில் கீதாவுக்கு மூக்கு எங்கே என்பதே யூகம்தான்.

அடுத்த ஞாயிறு நாற்காலிகளைப் போட்டுவிட்டு வாசலில் நின்றிருந்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை தெருமுனையில் தெரிந்தது. வந்தது. என் கேட்டைத் தாண்டிப் போனது. பிறகு என்ன நினைத்தாரோ, நின்று திரும்பி, “மாப்ள, நீங்களும் வாங்களேன். அங்க மூக்குத்தி தெரியுதாமே” என்றார் நைனா. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது. போண்டா மாவைத் தூக்கிக்கொண்டு சுமதியும் கிளம்பினாள். என் வீட்டு போண்டா அவன் வீட்டு எண்ணெயில் வெந்தது.

மறுவாரமே டெலிபோன் ஆபீசுக்குப் போய்ச் சண்டை போட்டேன். லைன்மேன் ஒருவர் என் ஆத்திரத்தைப் பார்த்துப் பாவப்பட்டு விளக்கினார். ஆபீசிலிருந்து வீடு தள்ளிப் போகப் போக டி.எஸ்.எல். வேகம் இளைத்துப்போகும், என் வீடோ கடைசியில் இருக்கிறது. கேபிள் கதை வேறு, தெருவுக்கே ஒரு குழாய் மாதிரி. “சாயங்காலம் எல்லாரும் தொறந்தா அவுங்களுக்கு இழுக்கும் சார். உங்களுது கம்மிதான், ஆனா உங்களுது உங்களுக்குத்தான்” என்றார்.

இதைக் கேட்டதும் எனக்கு உண்டான சந்தோஷத்தை என்ன சொல்ல. அதற்குப் பிறகு சாயங்காலம் ஏழு மணி வாக்கில் எதையாவது சாக்கிட்டு பாவா வீட்டுக்குப் போவேன். கம்ப்யூட்டர் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். “சுத்துது போலக்குதே பாவா” என்று முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு சொல்வேன். “ஆங், தெருப் பசங்க எல்லாம் ஒக்காந்துகினு இருப்பாங்க மாப்ள, பாத்துட்டுப் போட்டும்” என்று சிரிப்பான். அவனுக்கு என்மேல் பொறாமையே இல்லை என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவன் கேபிள் ஒயர் முருங்கை மரத்தில் கட்டி, மாடி மாடியாகத் தாவி வரும். மலைக் குரங்குகள் அதில் ஊஞ்சலாடும். குரங்குகள்மேல் எனக்கு அப்போது ஒரு தனி மரியாதை இருந்தது.

இப்படி இருக்கையில் கீதாவுக்குப் பையன் பிறந்தான். முதல் மொட்டை திருத்தணியில் என்று வேண்டுதல். ஆனால் அவர்களுக்கு லீவும் டிக்கெட்டும் ஒன்றாகச் சேரவில்லை, ஒரு வயது நெருங்கிவிட்டது. கடைசியில் நைனா தீர்ப்புச் சொன்னார். “மொட்ட அங்கயே அடிங்க. முடி இங்க வந்து சாமிகிட்ட சேரணும். ஆனா மாமன் மடியில ஒக்காராம கொழந்த தலையில கத்தி படக் கூடாது.”

மாமன் தாமு. மடி திருத்தணியில், தலை அமெரிக்காவில். அதற்கும் நைனாவே வழி சொன்னார். இங்கே தாமு சம்மணம் போட்டு உட்கார வேண்டியது. கேமராவைத் தாழ்த்தி அவன் மடி தெரிகிற மாதிரி வைக்க வேண்டியது. அங்கே லேப்டாப்பைத் தரையில் வைத்து, திரைக்கு முன்னால் மணை போட்டுக் குழந்தையை உட்காரவைக்க வேண்டியது. குழந்தையின் முதுகு திரையில் படும், திரையில் மாமன் மடி இருக்கும். முடிந்தது. முடி இறங்கி முடிகிறவரை மடி மறையக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

ஆடிக் கிருத்திகை சாயங்காலம் என்று வைத்தார்கள், அங்கே அது காலை. “சாயங்காலம் கேபிள் இழுக்கும், நம்ம வீட்டுல வச்சுக்கலாமே” என்று சுமதியிடம் சொல்லிப் பார்த்தேன். “எங்கண்ணன் மடிக்கு எங்கண்ணன் வூடு இருக்குது” என்று முடித்துவிட்டாள். பெரியப்பனுக்கு இந்தச் சடங்கில் ஒரு வேலையும் கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மடியும் அவனுடையது, மூக்குத்தி தெரிகிற நெட்டும் அவனுடையது.

அன்று ஊரே அரோகரா. நான் தலைவலி என்று வீட்டிலேயே படுத்துவிட்டேன். கனகம்மாசத்திரம் பக்கத்திலிருந்து ஒரு காவடிக் கூட்டம், சீரியல் பல்பு போட்டு மாடி உயரத்துக்கு முருகனை நிறுத்திய வண்டியோடு பாவா தெருவுக்குள் வந்திருக்கிறது. பையன்கள் மூங்கில் கழியால் ஒயர்களைத் தூக்கித் தூக்கி வழிவிட்டிருக்கிறார்கள். முருகன் போய்விட்டார். அவர் வேலோடு கேபிள் ஒயரும் கொஞ்ச தூரம் போயிருக்கிறது.

கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தால் பட்டு வேட்டியில் தாமு, தாம்பாளத்தோடு சுமதி, வெள்ளைச் சட்டையில் நைனா.

“மாப்ள, கேபிள் பூட்ச்சு. உன் நெட்டு இருக்குதா?”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை, அவர்களுக்கு. எனக்குத் தலைவலி அந்த நொடியே போய்விட்டது. “இருக்காம எங்க போவும்?” என்றேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காகவே அத்தனை மாதம் பில் கட்டியிருந்தேன்.

ஸ்டூலைக் கவிழ்த்துக் கேமராவைக் கட்டினேன். கீதா வந்தாள், கட்டம் கட்டமாக. அப்போதுதான் வேறொரு சனியன் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் டெலிபோன் மணி அடித்தால் நெட் அறுந்துவிடும். கிருத்திகை அன்று சொந்தக்காரர்கள் போன் செய்யாமல் இருப்பார்களா? ரிசீவரைக் கையில் எடுத்துக்கொண்டேன். எடுத்துவிட்டால் மணி அடிக்காது. அதற்குள்ளிருந்து கொய்ங்கென்று வந்த சத்தம் கீதாவுக்குக் கேட்கக் கூடாதென்று நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, தாமுவின் பக்கத்தில், கேமராவில் படாமல் ஒதுங்கி நின்றேன்.

குழந்தையை மணையில் உட்காரவைத்தார்கள். மெஷின் தலையில் பட்டதும் வீல் என்று அலறினான். தாமு பதறிப்போய் இரண்டு கைகளையும் நீட்டி, “இல்லடா கண்ணு, மாமன் இருக்கறன்டா!” என்றான்.

“அண்ணா, படம் அப்படியே நின்னுடுச்சி” என்றாள் கீதா. “கைய நீட்டிகினே இருக்கற, அசையவே இல்ல.”

எனக்கு உயிரே போய்விட்டது. மெஷினை நிறுத்தச் சொல்வார்கள், என் நெட்டால் சடங்கு கெட்டது என்று காலத்துக்கும் பேசுவார்கள். நைனா நிதானமாகக் கேட்டார்.

“மடி தெரியுதாம்மா?”

“தெரியுது நைனா.”

“அப்புறம் இன்னா? மொட்ட அடிக்கச்சே மாமன் அசையக் கூடாது. அடிக்கச் சொல்லு.”

இங்கே தாமு முகத்தைத் துடைத்தான், மூக்கை உறிஞ்சினான், அழுதான்கூட. அங்கே அவன் இரண்டு கைகளையும் நீட்டியபடி சிலையாக உட்கார்ந்திருந்தான். குழந்தையும் திரும்பிப் பார்த்து, அந்த நீட்டிய கைகளுக்குள் சாய்ந்துகொண்டானாம். முடி முழுக்க இறங்குகிறவரை படம் அசையவில்லை, இணைப்பும் அறவில்லை. கேபிள் வேகமாக இருந்திருந்தால் தாமு மூக்கு உறிஞ்சியதெல்லாம் அமெரிக்காவுக்குத் தெரிந்திருக்கும்.

பிறகு என்ன நடந்தது தெரியுமா? “தாமு மாதிரி மாமன் யாருக்கு வரும், கல்லு மாதிரி ஒக்காந்தானே!” என்று சொந்தமெல்லாம் பேசியது. அசையாமல் இருந்தது அவன் இல்லை ஐயா, என் டி.எஸ்.எல்.!

கீதாவின் வீட்டுக்காரர் அங்கே எடுத்த போட்டோ ஒன்று, மஞ்சள் துணியில் கட்டிய முடியோடு ஒருவர் மூலமாக வந்து சேர்ந்தது. முடி மலைக்குப் போனது. போட்டோவில் மொட்டைத் தலை, பின்னால் திரையில் கை நீட்டிய தாமு. திரை ஓரத்தில், நெஞ்சோடு ரிசீவரை அழுத்தியிருக்கும் ஒரு கை. ஒதுங்கித்தான் நின்றேன், இருந்தாலும் கை விழுந்திருந்தது. நைனா அதை ஒரே ஒரு தடவை எனக்குக் காட்டிவிட்டுத் தாமுவிடம் கொடுத்தார். பிரேம் போட்டவர் அளவு சரிவரவில்லை என்று ஓரத்தை வெட்டிவிட்டார். பாவா வீட்டு ஹாலில் இன்றும் அது தொங்குகிறது. அங்கே போகும்போதெல்லாம் சரியாக அந்த ஓரத்தைத்தான் பார்ப்பேன்.

நைனா போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை நாற்காலிகளில் ஒன்றில் இப்போது துணி மடித்து வைக்கிறோம். கீதா சுமதியின் கைப்பேசிக்கு வருகிறாள். சுமதி சமையலறையில் நின்றபடி பேசி முடித்துவிட்டு, “மாமாவக் கேட்டதாச் சொன்னா” என்பாள். மூக்குத்தி என்ன, அதில் கல் எத்தனை என்றுகூட எண்ணலாம். போன மாதம் பாவாவும் ஃபைபர் போட்டுவிட்டான். அதே கம்பெனி, அதே வேகம், அதே கட்டணம். “இனிமே சண்ட இல்லாம போச்சே மாப்ள” என்று சிரித்தான். அவனுக்கும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

ஒயரை அறுத்துச் சுருட்டி வாசலில் போட்டுவிட்டு வந்தார் ஃபைபர்காரர். நான் டெலிபோன் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

“எதனா பெரிசா ஒண்ணு டவுன்லோடு போட்டுப் பாருங்க சார், கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடும்” என்றார்.

முழுப் போட்டோ கீதாவிடம் இருக்கும். கேட்டால் ஒரு நொடியில் அனுப்பிவிடுவாள். கைப்பேசியில் அவள் பேருக்கு நேராக, ‘அந்த மொட்டை போட்டோ, வெட்டாதது’ என்று தட்டினேன். எதற்கு மாமா என்று கேட்பாளே. தட்டியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.

“வருதா சார்?” என்றார்.

“வருது, வருது” என்றேன்.