கத்தி படாத கன்னம்

"தலைய ஆட்டாதீங்க" என்று வாடிக்கையாளரின் உச்சந்தலையை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தன் தலையை மட்டும் கண்ணாடிப் பக்கம் எட்டி எட்டி நீட்டுகிறார் கிருதா. காதோரம் தாடை வரை இறங்கிவரும் முடியைப் பார்த்துத் தெரு வைத்த பெயர். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிடுவார்.

சலூன் கண்ணாடியை வேண்டுமென்றே சாய்த்து மாட்டியிருக்கிறார். உட்காருபவருக்குத் தன் முகம் பாதிதான் தெரியும். மீதிப் பாதியில் எதிர்ச்சாரி மதுக்கடையின் கம்பி போட்ட ஜன்னல். முனகுகிறவர்களிடம், "உங்க மூஞ்சி எங்க ஓடிடப் போகுது? அத நான் பாத்துக்கறேன்" என்பார்.

அந்த ஜன்னலுக்குள் ஒரு சின்னப் பயல் கையை விட்டால் போதும், கத்திரிக்கோலால் தண்ணீர்க் கிண்ணத்தை ணங் ணங்கென்று தட்டுவார். பக்கத்துக் கடைத் தையற்கார அம்மாள் கழுத்தில் தொங்கும் டேப்போடு ரோட்டைக் கடந்துபோய், "தோள் அகலம் பாக்கட்டுமா கண்ணு?" என்று பயலின் முதுகை அளப்பாள். மருந்துக்கடைக்காரர் படியில் நின்றபடி, "உங்கப்பா நம்பர் என்கிட்ட இருக்குடா" என்பார். பயல் சிட்டாய்ப் பறந்துவிடுவான். கொடி, கோஷம் ஒன்றும் கிடையாது. முதலில் மனுதான் கொடுத்தார்கள். அது கிணற்றில் போட்ட கல்லானது. அப்புறம்தான் இந்தக் கிண்ணம்.

விற்பவனுக்கு எப்போதும் ஒரே பாட்டு: "ஆளு வளந்து நிக்கறான், வயசு எனக்கெப்படித் தெரியும்?"

கிருதா வாசலுக்கே வந்து கத்துவார்: "இன்னும் என் கத்தி படாத கன்னம்டா அது! உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

கோபம் சும்மா வரவில்லை. அவருடைய அக்கா மகன் பதினைந்து வயதில் இந்த ஜன்னலில்தான் வாங்கிக் குடித்தான், வண்டியோடு போய்க் கம்பத்தில் மோதினான். பிழைத்துக்கொண்டான், இன்னும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறான். ஆஸ்பத்திரியில் தையல் போட முகத்தை வழிக்க வேண்டும் என்றபோது, நானே செய்கிறேன் என்று கிருதா கத்தியை வாங்கியிருக்கிறார். "மாமன் கையால மொதல் ஷேவிங். வழிக்க அங்க என்ன இருந்துச்சு? பூனைமுடி" என்று ஒரு தடவை சொன்னார். 

போன வாரம் மதுக்கடை முதலாளியே சலூனுக்கு வந்தார். நாற்காலியில் சாய்ந்து, நுரை பூசி, ஒரு கன்னம் வழித்து முடிகிறவரை வாயைத் திறக்கவில்லை. பிறகு நிதானமாகச் சொன்னார்.

"இந்தக் கட்டடத்த நான் வாங்கிட்டேன் கிருதா. அந்தக் கிண்ணத்தத் தட்டறத விட்டுட்டா நீ இங்கயே இருக்கலாம். இல்லேன்னா சாமானக் கட்டிக்க."

கல்யாணமான வருஷம் போட்ட கடை. இந்த வயதில் வேறு தெரு, வேறு நாற்காலி என்று தொடங்குவது நடக்கிற காரியமில்லை. கத்தி கன்னத்திலிருந்து தொண்டைக்கு இறங்கியது. முதலாளி எச்சிலைக்கூட விழுங்காமல் சாய்ந்திருந்தார்.

"கழுத்த நிமித்துங்க" என்று மட்டும் சொன்னார் கிருதா.

அப்போது கண்ணாடியில் ஒரு பயல் தெரிந்தான். பள்ளிக்கூடச் சட்டைக்கு மேல் அண்ணன் சட்டையை மாட்டியிருந்தான். கீழே அசல் சட்டை எட்டிப் பார்த்தது. விற்பவன் பாட்டிலைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தான்.

கிருதா கிண்ணத்தைத் தட்டவில்லை. கத்தியை மடக்கி வைத்துவிட்டு இறங்கி நடந்தார்.

"யோவ், பாதியில விட்டுட்டு எங்கய்யா போற?" முதலாளி ஒரு கன்னம் நுரையோடு எழுந்து நின்றார்.

திரும்பி வரும்போது கிருதாவின் பிடியில் பயலின் மணிக்கட்டு இருந்தது. பயல் அழுகிற நிலையில் இருந்தான். வாசலில் தையற்கார அம்மாளும் மருந்துக்கடைக்காரரும் வந்து நின்றுவிட்டார்கள்.

"சாமானக் கட்டிக்கறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துட்டுப் போங்க" என்றார் கிருதா.

முதலாளியின் வலது கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையை விரித்து, பயலின் கன்னத்தில் வைத்து அழுத்தினார். முதலாளி கையை உருவப் பார்த்தார். கிருதா விடவில்லை. "ஒரு முடியாவது குத்துதா? வயசு இப்பத் தெரியுதா?" என்றார்.