ஷேர் ஆட்டோவில் ஒரு பரு வைத்திய முகாம்

அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு ஷேர் ஆட்டோ. பக்கத்தில் பத்தாவது படிக்கும் என் மகள். முகத்தில் பரு வந்ததிலிருந்து வாசலைத் தாண்டினாலே மாஸ்க்தான்.

தண்ணீர் குடிக்க அதைக் கழற்றினாள். அவ்வளவுதான், வைத்திய முகாம் தொடங்கிவிட்டது.

எதிர் சீட் அக்கா: "இன்னாம்மா, மூஞ்சி முழுக்க இப்டி கீது? வேப்பிலைய அரைச்சிப் பூசு."

அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்: "பொம்பளப் புள்ளைக்கு மூஞ்சிதானே முக்கியம்."

டிரைவர் கண்ணாடியில் பார்த்தே நோயைக் கண்டுபிடித்தார்: "சிக்கன் பக்கோடாவ நிறுத்து பாப்பா."

மகள் பாட்டிலை மூடிவிட்டு மாஸ்க்கை மாட்டிக்கொண்டாள். தண்ணீர் குடிக்கவே இல்லை.

இறங்கியதும் கேட்டாள்: "அந்த டிரைவர் அங்கிள் தலைல ஒரு முடி கூட இல்லியே. அவருக்கு மட்டும் ஏம்மா யாரும் ஒண்ணும் சொல்லல?"

வழுக்கைக்கு எதை அரைத்துப் பூசலாம்? கமெண்டில் சொல்லுங்கள். நாளைக்கும் அதே ஆட்டோதான்.