ஏலக்காய் மணத்த சர்க்கார் தரை

தளம் போடுகிற தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒன்று தெரியும்: நாம் போட்ட தரையில் ஊரே நிற்கும், நம்மைப் பார்த்து மட்டும் "யாருப்பா நீ?" என்று கேட்கும். அதிலும் சர்க்கார் வேலைக்கு மனுப் போட்டுவிட்டு, தாலுகா கச்சேரி மரத்தடியில் காய்ந்து கிடந்தவர் என்றால் வாருங்கள், நீங்களும் நம்ம கூட்டம்தான்.

போடிமெட்டில், வருகிற அதிகாரிகள் தங்குவதற்குச் சர்க்கார் ஒரு முசாபரி பங்களா கட்டிக்கொண்டிருந்த சமயம். அதன் தரை வேலை எனக்குக் கிடைத்தே ஆகவேண்டும். காரணம் பேச்சியக்கா. என்னிடம் சுண்ணாம்புத் தளத்தைக் கட்டையால் இடித்து இறுக்குகிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. மலையில் ஏலக்காய் எடுப்பு தொடங்கப்போகிறது, தோட்டத்துக் கங்காணி வாசலுக்கே வந்து ஆள் கூப்பிடுகிறான். "அப்பு, சோலி இருந்தா இருக்கோம். இல்லேன்னா எல்லாரும் மலைக்குப் போறோம்" என்று சொல்லிவிட்டாள். இடிக்க ஆள் இல்லாத தளக்காரன் இருக்கிற சுண்ணாம்பை வெற்றிலையில்தான் தடவிக்கொள்ளவேண்டும்.

மாட்டுச் சாட்சி

ஓவர்சியர் ஐயாவைப் போய்ப் பார்த்தேன். "முன்னே சர்க்கார் வேலை செஞ்சிருக்கியா?" என்றார்.

"இல்லீங்க. குடுத்தா செய்வேன்."

"செஞ்சிருந்தாத்தான் குடுப்போம்."

"குடுத்தாத்தானே ஐயா செஞ்சிருக்க முடியும்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

வெளியே வந்ததும் கண்ணில் பட்டது சர்க்கார் மாட்டுப்பட்டி. பயிரை மேய்ந்த மாடுகளைப் பிடித்து அடைக்கிற இடம். முழங்கால் வரைக்கும் சேறு. இதற்குச் சும்மாவே கல் பாவித் தருகிறேன் என்று திரும்ப உள்ளே போய்ச் சொன்னேன். வேண்டாம் என்பார்களா? பாவி முடித்த அன்றைக்கே சிலமலையிலிருந்து பிடித்து வந்த எருமை ஒன்று உள்ளே வந்து, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, என் புதுத் தரைக்குத் தாராளமாகச் சாணி போட்டு ஆசீர்வாதம் பண்ணியது. ஓவர்சியர் வேலியோரம் நின்று பார்த்தார். "மாடு எதுவும் புகார் சொல்லலை. சரி, சர்க்கார் வேலை செஞ்ச ஆளுன்னு உன்னைச் சேத்துக்கிறேன்."

குடுமியோடு நிறுத்துங்கள்

மதுரைக்காரர் ஒருத்தரும் போட்டிக்கு வந்தார். கச்சேரிப் பின்கட்டில் ஆளுக்கொரு மாதிரித் தளம் போடவேண்டும், பெரிய துரை வந்து பார்த்து நல்லதற்கு வேலை கொடுப்பார் என்றார்கள்.

தளம் இடிக்கிறது என்றால் பாட்டு இல்லாமல் ஆகாது. கட்டைகள் ஒன்றாக விழுவது பாட்டை வைத்துத்தான். அந்தப் பாட்டில் எதிரே இருக்கிற ஆளை வாருவதும் நம்ம பக்கத்து வழக்கம். அன்றைக்கு எதிர் ஜன்னலில் இருந்தவர் தலைமைக் குமாஸ்தா. அவர் குடுமி, மத்தியானத் தூக்கம், குறட்டை எல்லாம் வரிசையாகப் பாட்டில் ஏறியது. மனுசன் சிவந்துபோய், "பாடாம இடிங்க!" என்று உத்தரவு போட்டார். பாட்டு நின்றது. அடி குழம்பியது. ஒருத்தி கட்டை இன்னொருத்தி கால் விரலில் விழுந்தது. அடுத்துக் கிளம்பிய வசவு இருக்கிறதே, அதற்குப் பாட்டே தேவலை! குமாஸ்தா ஜன்னல் வழியாகக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆத்தா, பாடுங்க. குடுமியோட நிறுத்திக்கங்க, குறட்டை மட்டும் வேணாம்."

பாகு

கடைசிப் பூச்சில் கடுக்காய்த் தண்ணியும் வெல்லப் பாகும் சேர்ப்போம். சுண்ணாம்பு நன்றாக இறுகும், மினுக்கும் வரும். பாகு காய்ச்சுகிற பொறுப்பு பேச்சியக்காவுடையது. பூசி, கூழாங்கல்லால் தேய்த்து முடித்த பிறகுதான் எனக்கு மூக்கில் ஏறியது. அட ஆண்டவா, தரை பாயாசமாக மணக்கிறது! வெல்லம் கொதித்ததும் அவள் கை தானாக மடிக்குப் போய், இருந்த ஏலக்காயையெல்லாம் தட்டிப் போட்டிருக்கிறது.

"அடிப்பாவி அக்கா! துரை தரையைப் பாக்க வர்றாரா, விருந்துக்கு வர்றாரா?" என்று தலையில் அடித்துக்கொண்டேன். எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. விடிந்தால் துரை வருகிறார், பெயர்த்துப் போட நேரமில்லை. அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "வெல்லம் கொதிக்கையில ஏலக்காய் போடாம இருக்க, நான் என்ன போடியில பொறக்கலையா?"

துரை வீட்டு நாய்

மதுரைக்காரர் தளத்தில் முகம் பார்க்கலாம். நல்ல வேலை, பொய் சொல்லக்கூடாது. துரை அதில் நின்று தலையாட்டிக்கொண்டிருக்கும்போது, கூட வந்த அவர் நாய் நேரே என் தளத்துக்கு வந்து நக்கிப் பார்த்தது. அப்புறம் காலை நீட்டிப் படுத்துவிட்டது. கூப்பிட்டாலும் எழுந்திருக்கவில்லை. துரை வந்து குனிந்து மோந்தார். இங்கிலீஷில் என்னவோ கேட்டார்.

ஓவர்சியருக்கு வேர்த்துக் கொட்டியது. "என்ன வாசனைன்னு கேக்குறார், என்னடா சொல்ல?" என்று என் காதைக் கடித்தார். பின்னாலிருந்து பேச்சியக்கா, "மலைக் குளிருக்கு நல்லதுன்னு சொல்லுங்க சாமி" என்றாள். அவரும் அதையே இங்கிலீஷில் சொல்லிவைத்தார். துரை நாயைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், சிரித்தார், என்னவோ சொன்னார். ஓவர்சியர் என் பக்கம் திரும்பினார். "வேலை உனக்குத்தான். ஆனா பங்களா பூரா இதே மணம் இருக்கணும்னு துரை உத்தரவு."

ஒரு கை குறையுது

குதியாட்டம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். படுத்த பிறகுதான் உறைத்தது: ஒரு பங்களாவுக்கு மணக்கிற அளவு ஏலக்காய்க்கு எங்கே போவேன்? கடையில் வாங்கினால் வீட்டை விற்கவேண்டும். மெட்டுக்கு ஏறி ஒரு தோட்டத்து முதலாளி காலில் விழுந்தேன். அவர் எடுப்புக்கு ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார். எப்படிக் கிடைக்கும், ஆளையெல்லாம் நான்தானே பிடித்து வைத்திருந்தேன்! "காய் வேணுங்கிற மட்டும் எடுத்துக்கோ, உன் ஆளுகளை எடுப்புக்கு அனுப்பு" என்றார்.

அப்புறம் என்ன? அத்தனை பேரும் மலையேறினார்கள். கூடவே நானும். மழை ஊற்றுகிறது, கால் முழுக்க அட்டை. பேச்சியக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கூடையை என் கையில் திணித்தாள். "எங்களை மலைக்குப் போகவிடாம இருக்கத்தானே அப்பு இம்புட்டுப் பாடுபட்டே? இந்தா, வெரசா வா, ஒரு கை குறையுது."

சர்க்கார் வேலை வாங்குவது எப்படி என்று என்னை யாராவது கேட்டால், முதலில் ஏலக்காய் எடுக்கக் கற்றுக்கொண்டு வா என்றுதான் சொல்வேன்.