தபால்காரன் திரும்பும் மூலை

பண்டத்தரிப்பில் சிவகௌரி அக்கா தபால் கந்தோரில் வேலை செய்கிறார் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதற்கு முழுக் காரணம் அவருடைய அப்பா அருளம்பலம். வெங்காயத் தோட்டத்தில் நிற்கிற மனிதரிடம் போய் மகளுக்கு என்ன வேலை என்று கேட்டால், "உந்தத் தபால்காரன்ரை அலுவலாத்தான் இப்ப திரியிறாள்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தூக்கிவிடுவார். அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அதைக் கேட்ட ஒரு அயலவர், கனடாவிலிருந்து வரவேண்டிய பார்சல் ஒன்றைக் காணவில்லை என்று அக்காவின் ஸ்கூட்டியை ஒழுங்கையில் மறித்து முறைப்பாடு சொன்னார். அக்கா முழுவதையும் கேட்டு முடித்துவிட்டு, "அது வேறை தபால்காரன்" என்றார்.

எங்கள் தபால்காரன் ஒரு விளையாட்டுக்குள் இருப்பவன். நாற்பது வருடங்களுக்கு முன் வெளிநாட்டுக் கடைகளில், காசு போட்டு நின்றபடி விளையாடும் அலுமாரி அளவான இயந்திரங்கள் இருந்தன. அப்படி ஒன்றில்தான் இவன் பிறந்தான். வளைந்து வளைந்து போகும் ஒழுங்கைகளுக்குள் ஓடி, வீடு வீடாகக் கடிதம் போடவேண்டும். நான்கு நாய்கள் துரத்தும். மூலையில் சரியான நேரத்தில் திரும்பினால் தப்பலாம், பிந்தினால் கடி. விளையாட்டு அவ்வளவுதான். இப்படியான பழைய விளையாட்டுகளை, இன்றைக்கு வீட்டு டீவியில் பூட்டி விளையாடும் கன்சோல்களுக்காகப் புதிதாகச் செய்து கொடுப்பதுதான் எங்கள் வேலை. கொழும்புத்துறையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் ஐந்து பேர் இருந்து செய்கிறோம். யன்னலைத் திறந்தால் வலை காயும் மணம் வரும், பூட்டினால் கோபி அண்ணையின் ஏசி இரையும். கோபிசங்கர் என்கிற கோபி அண்ணைதான் எங்கள் முதலாளி.

நான் றொபின். சத்தங்கள் என் பொறுப்பு. நாய் குரைப்பதும் கடிதம் பெட்டிக்குள் விழுவதும் என் கையால்தான் நடக்கும். கையால் என்று ஒருமையில் சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். பதினெட்டு வயதில் மோட்டார்சைக்கிளோடு விழுந்து தோள் நரம்பு அறுந்ததிலிருந்து என் இடது கை சும்மா தொங்குகிறது. ஆஸ்பத்திரியால் வந்த பிறகு ஒரு நாள், கூட்டாளிகள் கூடி கன்சோல் விளையாடினார்கள். என் மடியிலும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியை வைத்தார்கள். இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு பெருவிரலாலும் ஓட்டவேண்டிய சாமான் அது. நான் அதோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்த ஒருவன், "உவனை வெல்ல விடுங்கோடா, பாவம்" என்றான். நான் பெட்டியைக் கீழே வைத்தேன். பிறகு எடுக்கவில்லை. விளையாட்டுச் செய்து பிழைக்கிறேன், விளையாடுவதில்லை. பாவம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சிவகௌரி அக்கா எனக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணமும் அதுதான். எங்கள் கந்தோரில் அந்தச் சொல்லை என்னைப் பார்த்து ஒரு தரமேனும் சொல்லாத ஆள் அவர் ஒருவர்தான். தேத்தண்ணிக் கோப்பையைக்கூட எனக்காகத் தூக்கித் தந்ததில்லை.

அவருக்கு இரக்கம் குறைவு என்று நினைக்கவேண்டாம். அவருக்குக் கள்ள ஆட்டம் பிடிக்காது. ஏழு வயதில் போரால் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு வீட்டில் நாலு குடும்பமாக இருந்த காலத்தில், பிள்ளைகள் எல்லோரும் தாயம் விளையாடுவார்களாம். யாராவது ஒரு கட்டம் கூடக் காய் நகர்த்தினால் இவர் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். பெரியவர்கள் வந்து, "சின்னப்பிள்ளை தானே, விடு" என்றாலும் விடமாட்டார். சின்னப்பிள்ளை கள்ளமாக வென்றால் அது வென்றதாகாது என்பது அவருடைய வாதம். இதை எனக்குச் சொன்னது அவருடைய அம்மா இரத்தினம்மா. "இவள் இருந்தால் ஒரு ஆட்டமும் முடியாது தம்பி" என்று சொல்லும்போது அம்மாவின் குரலில் முறைப்பாடும் பெருமையும் சரிபாதியாக இருந்தன.

அக்கா கம்பஸ் முடித்து, கொழும்பில் ஒரு பெரிய நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதினார். நல்ல சம்பளம். அதை விட்டுவிட்டு எங்கள் மேல்மாடிக்கு வந்தபோது ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். என்னிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "அங்கை நான் எழுதினதை ஒருத்தரும் தொட்டுப் பாக்கேல்லை. விளையாட்டெண்டால் தொட்ட உடனை ஆளுக்குப் பிழை தெரியும்." பிழை தெரியாத இடத்தில் இருக்கப் பயந்து பிழை தெரியும் இடத்துக்கு வந்த ஒரு மனுசியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

தபால்காரனில் அவருடைய பகுதி, கை சொல்வதைத் திரை கேட்கச் செய்வது. பெருவிரல் குமிழைத் தள்ளினால் தபால்காரன் திரும்பவேண்டும். பழைய இயந்திரத்தின் நிரலை வரி வரியாக வாசித்து, எந்த மூலையில் எவ்வளவு முந்தித் தள்ளினால் திரும்புவான், நாய்கள் அதைப் பார்த்து எந்தப் பக்கம் போகும் என்று எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவந்திருந்தார். விளையாட்டின் உரிமையை வைத்திருக்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பினோம். அவர்கள் அதைப் பழைய ஆட்டக்காரர்கள் சிலரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். சின்ன வயதில் அந்த இயந்திரத்தின் முன்னால் நின்று வளர்ந்த, இப்போது தலை நரைத்த ஆட்கள்.

எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். படம் சரி, சத்தம் சரி, ஆனால் தபால்காரன் பிந்தித் திரும்புகிறான்.

சத்தம் சரி என்றதும் நான் சந்தோசப்பட்டேன், மறைப்பானேன். கோபி அண்ணையின் முகம்தான் கறுத்துப்போனது. இந்த விளையாட்டுச் சரிவந்தால் இதே நிறுவனத்தின் இன்னும் மூன்று விளையாட்டுகள் எங்களுக்கு வரும். சரிவராவிட்டால் தபால்காரனையும் வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவார்கள், மேல்மாடியையும் பூட்டவேண்டியதுதான். பிழை சிவகௌரி அக்காவின் பகுதியில் இருந்தது. அதை ஒருவரும் வாயால் சொல்லவில்லை. அதனால் அது இன்னும் மோசமாக இருந்தது.

அக்கா தன் கைத்தொலைபேசியில் மெதுவாக ஓடும் வீடியோவாக எடுத்து, விரல் அசைவதையும் தபால்காரன் திரும்புவதையும் ஒப்பிட்டுப் பார்த்தார். டீவியை மாற்றிப் பார்த்தார். கன்சோலை மாற்றிப் பார்த்தார். நிரலின் கணக்குப்படி பழைய இயந்திரம் எவ்வளவு நேரத்தில் திரும்பியதோ, எங்களுடையதும் அதே நேரத்தில் திரும்பியது. பிந்தவேயில்லை.

கோபி அண்ணை ஒரு வழி வைத்திருந்தார். எல்லோரையும் கூப்பிட்டுக் கதைத்தார்.

"பிந்துது எண்டு சொல்லினம். அப்ப கொஞ்சம் முந்தித் திருப்பிவிடுவம். மூலையைக் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு துளி அகட்டினால் சரி. ஒருத்தருக்கும் தெரியாது."

"நாய்க்குத் தெரியும்," என்றார் அக்கா.

"என்ன?"

"அண்ணை, அவன் நிக்கிற இடத்தைப் பாத்துத்தான் நாய் வழி எடுக்குது. அவன் முந்தித் திரும்பினால் நாய் வேறை ஒழுங்கையாலை வரும். அந்த ஆக்கள் நாப்பது வருசமாப் பாடமாக்கி வைச்சிருக்கிற வழியெல்லாம் பிழைச்சுப் போகும். அதோடை, பிந்தாத ஒண்டைப் பிந்துது எண்டு ஒத்துக்கொண்டு திருத்துறது பொய்."

"பொய்யோ மெய்யோ, உங்களிட்டை வேறை வழி இருக்கோ?"

"இப்ப இல்லை."

"அடுத்த கூட்டத்துக்கு முதல் வேணும், கௌரி. இல்லாட்டில் நான் மூலையை அகட்டிப்போட்டு அனுப்புவன்."

எனக்குக் கோபி அண்ணையில் பிழை தெரியவில்லை. நானும் மூலையை அகட்டுகிற கட்சிதான். அக்காவிடம் அதைச் சொன்னபோது, அவர் என்னைத் தாயத்தில் கூடுதலாக ஒரு கட்டம் வைத்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பிறகு அவர் செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் வியப்பு. எங்கள் ஐந்து பேரில் ஒருவரும் அந்த இயந்திரத்தைக் கண்ணால் கண்டதில்லை. உலகம் முழுக்கக் கடை வாசல்களில் அது நின்ற காலத்தில் எங்கள் ஊருக்கு வந்து இறங்கியது வேறு சாமான்கள். எங்களிடம் இருந்தது அதன் நிரலும் மின்சுற்றுப் படமும் திரைப் பதிவும்தான். அக்கா நிறுவனத்துக்கு எழுதி, இயந்திரத்தின் படம் கேட்டார். திரையின் படம் வந்தது. அது வேண்டாம், கை வைக்கிற பலகையின் படம் வேண்டும் என்று திரும்ப எழுதினார். எதற்கு என்று கேட்டார்கள். தெரியாது, பார்த்தால்தான் சொல்லலாம் என்று பதில் போட்டார். வாடிக்கையாளரிடம் இப்படிச் சொல்கிற ஆளை எந்த முதலாளி வைத்திருப்பான் என்று கோபி அண்ணை என்னிடம் புலம்பினார். ஆனாலும் வைத்திருந்தார்.

கடைசியில் அந்தப் பழைய ஆட்டக்காரர்களில் ஒருவர் வீட்டிலேயே அந்த இயந்திரம் நின்றது. அவர் பலகையை மேலிருந்து படம் எடுத்து அனுப்பினார். அக்கா அதைத் திரை நிறையப் பெருப்பித்து வைத்துக்கொண்டு பகல் சாப்பாட்டையும் மறந்து இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"றொபின், உதைப் பாரும்."

பலகையின் நடுவில் ஒரு தடி. தபால்காரனை ஓட்டும் தடி அதுதான், வேறு பொத்தான் ஒன்றும் இல்லை. தடிக்கு இடது பக்கத்தில் பலகை முழுக்கக் கறுப்புக் கறுப்பாகத் தழும்புகள்.

"சிகரெட் சுட்டது," என்றேன்.

"ஓம். வலப்பக்கம்?"

வலது பக்கம் ஒரு தழும்பும் இல்லை. பூச்சு மட்டும் தேய்ந்துபோய் இருந்தது.

"இடக்கையிலை சிகரெட்டை வைச்சுக்கொண்டு நிண்டிருக்கினம்," என்றார் அக்கா. "வலக்கையாலைதான் விளையாடியிருக்கினம். இப்ப நாங்கள் என்ன குடுத்திருக்கிறம்? ஓட்டுற குமிழ் இடப்பக்கம். இடது பெருவிரலாலை தள்ளச் சொல்லியிருக்கிறம். பிந்திறது தபால்காரன் இல்லை. அவையின்ரை இடக்கை."

சொல்லிவிட்டுப் போகிறேன், அப்போது அந்த மனுசியைக் கும்பிடலாம் போல இருந்தது. அவரோ அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"ஒரு கையாலை மட்டும் பிடிக்கிறதெண்டால் நீர் உதை எப்பிடி வைப்பீர்?"

கேட்ட விதத்தில் தயக்கமும் இல்லை, பரிவும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல இருந்தது. வேறு யாராவது கேட்டிருந்தால் ஏசியிருப்பேன். துவாயை மடித்து மேசையில் போட்டு அதன்மேல் வைத்தால் வழுக்காது என்றேன். வலது பக்கக் குமிழ் ஓட்டுவதற்கு வேலை செய்தாலும் போதாது, ஆட்டத்தை நிறுத்துவதற்கும் தொடங்குவதற்கும் உள்ள பொத்தான்கள் இடது பக்கத்தில் கிடக்கின்றன, அதற்கு யார் போவது என்றேன். அவர் எல்லாவற்றையும் மாற்றினார். இரண்டு குமிழும் ஒன்றுபோல வேலை செய்தன. எந்தப் பக்கத்துக் கை ஒன்று இருந்தாலும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை போய்வரலாம். பொத்தான்கள் சரிதானா என்று நானே அமத்திப் பார்த்துச் சொன்னேன். விளையாடவில்லை. விளையாடச் சொல்லி அவரும் கேட்கவில்லை.

மூலையை அகட்டாமல், தபால்காரனில் ஒரு புள்ளியும் மாற்றாமல் அனுப்பினோம். "இந்த முறை வலது கையால்" என்று மட்டும் அக்கா எழுதியிருந்தார். நிறுவனம் முதலில் மறுத்தது. எல்லா விளையாட்டிலும் இடது குமிழ்தான் ஓட்டும், வலது வேண்டுமென்றால் அதை உள்ளே ஒரு தெரிவாக வைக்கலாம் என்றார்கள். பழைய இயந்திரம் யாரிடமும் எந்தக் கை என்று கேட்கவில்லை, நாங்களும் கேட்கமாட்டோம் என்று அக்கா எழுதினார். கோபி அண்ணை அதை வாசித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினார்.

ஆட்டக்காரர்களின் பதில் வந்த நாள் நல்ல சோளகக் காற்று. தபால்காரன் இப்போது கெதியாகத் திரும்புகிறான், பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியதற்கு நன்றி என்று எழுதியிருந்தார்கள். மற்ற மூன்று விளையாட்டுகளும் எங்களுக்குத்தான் என்று நிறுவனமும் எழுதியிருந்தது. கோபி அண்ணை அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். பிறகு, "உண்மையா ஒண்டும் மாத்தேல்லையோ?" என்று கேட்டார்.

"தபால்காரனிலை ஒண்டும் மாத்தேல்லை, அண்ணை. கைதான் மாறினது."

அன்றைக்கு றோல்ஸும் சோடாவும் வந்தன. எல்லோரும் சுற்றியிருந்து மாறி மாறி விளையாடினார்கள். அக்கா தன் முறை முடிந்ததும், துவாயை மடித்து என் மேசையில் போட்டு, பெட்டியை அதன்மேல் வைத்துவிட்டு றோல்ஸை எடுக்கப் போனார். நான் அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர் திரும்பி வந்தபோது கேட்டேன்.

"எனக்காகவோ அக்கா உதைச் செய்தனீங்கள்?"

"உமக்காக நான் ஏன் செய்யவேணும்? மெசின் அப்பிடித்தான் இருந்தது."

அந்தப் பதிலுக்காகத்தான் நான் கையை வைத்தேன். தபால்காரன் ஓடத் தொடங்கினான். முதல் வீட்டுக்குக் கடிதம் போட்டான். இரண்டாவது மூலையில் நான் குமிழைப் பிந்தித் தள்ளினேன். நான்கு நாய்களில் ஒன்றுகூட எனக்கு விட்டுக்கொடுக்கவில்லை. நானே செய்த குரைப்புச் சத்தம் காதுக்குள் விழ, தபால்காரன் கடிபட்டு விழுந்தான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எந்தச் சொல் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

"பாவம்," என்றார் சிவகௌரி அக்கா, வாய்க்குள் றோல்ஸோடு, திரையைப் பார்த்தபடி. "பாவம் அந்தத் தபால்காரன். விளையாடத் தெரியாத ஆளிட்டைப் போய் மாட்டுப்பட்டிட்டான்."

கோபி அண்ணைக்குச் சோடா புரையேறியது. எனக்குச் சிரிப்பு வந்து கண் கலங்கிவிட்டது. துவாயைச் சரிசெய்துகொண்டு, திரும்பவும் முதல் வீட்டிலிருந்து தொடங்கினேன்.