காப்பகத்து இடத்தில் டேலியா

லூர்துமேரியை அடங்காப்பிடாரி என்றுதான் ஃபாக்டரியில் சொல்வார்கள். முன்பெல்லாம் வாயில் கொழுக்கட்டை வைத்தவள் மாதிரிதான் இருப்பாள்! குஷாய்குடாப் பக்கத்துச் சர்க்கார் கம்பெனியில், வயரிங் பிரிவில், எனக்குப் பக்கத்து ஸ்டூல் அவளுடையது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு வரை அவள் அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அவளைப் பேச வைத்த புண்ணியவான் வெல்ஃபேர் ஆபீசர் சுந்தரேசன். அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பிள்ளைக் காப்பகம் இருந்த ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டு, அங்கே பூந்தோட்டம் போட்டான். டேலியா, சாமந்தி, காகிதப்பூக் கொடி ஏறிய இரும்பு வளைவு. 'பூக்களைப் பாருங்கள், மனம் அமைதி பெறும்' என்று மூன்று மொழியில் பலகை வேறு. காப்பகம் எப்போது வரும் என்று கேட்டால், "வரும், வரும்" என்பான். அமைதியாம், மண்ணாங்கட்டி! பால்குடிப் பிள்ளையை எங்கேயோ விட்டுவிட்டு வந்தவளுக்கு எந்தப் பூவைப் பார்த்து மனசு ஆறும்?

லூர்துமேரியின் பிள்ளைக்கு ஐந்து மாதம். புருஷன் இறந்து நான்கு மாதம். அந்த வேலைதான் அவளுக்குச் சோறு. அவள் குடியிருந்த உப்பலில் பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் அவளும் கையை விரித்துவிட்டாள்.

மறுநாள், கம்பெனிகளுக்கு இடையே நடக்கும் பூந்தோட்டப் போட்டிக்கு நடுவர்கள் வருகிற நாள். லூர்துமேரி பிள்ளையோடு வந்தாள். கேட்டில் வாட்ச்மேன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வளைவில் பழைய புடவையால் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டு ஆட்டினாள்.

சுந்தரேசன் ஓடி வந்தான். "என்னம்மா அசிங்கம் இது! அவுரு முதல்ல!"

"எடம் புள்ளைங்களோடது சார். நடுவுல பூவ வச்சது நீங்க."

"வேலை போயிடும், தெரியுமா?"

"தெரியும். இவள எங்க போடணும்னு சொல்லுங்க, அங்க போடறேன்."

அவன் வாட்ச்மேனை அவிழ்க்கச் சொன்னான். "நக்கோ சாப், பச்சா சோரா" என்று அவர் பின்வாங்கினார். தூங்குகிற பிள்ளையை எழுப்ப அவருக்கு மனம் வரவில்லை. சுந்தரேசனே முடிச்சில் கை வைத்தான். பிள்ளை வீறிட்டு அழுதது. அப்போது பார்த்து நடுவர்களின் கார் வந்து நின்றது.

பரிசு கிடைக்கவில்லை. லூர்துமேரியை மூன்று நாள் சஸ்பெண்டு செய்தார்கள். "இனி எவளும் வாலாட்ட மாட்டா" என்று கான்டீனில் எங்கள் காதுபடச் சொன்னான் பாவி.

நான்காம் நாள் காலையில் அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, பயந்து பயந்து உள்ளே வந்தாள். வளைவிலும் வேலிக் கம்பியிலுமாகப் பதினொரு தூளிகள் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றில் என் மகன்.