சிவப்பு விளக்கு எரிந்தும் நிற்காத கார்: திருவரங்குளத்திலிருந்து விராலிமலைக்கு

போன மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், என் அக்கா இறந்துவிட்டாள் என்று போன் வந்தது. அவளை விராலிமலைக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். எங்கள் பிறந்த வீடு திருவரங்குளம். இந்தப் பக்கத்தில் இதுவரை கோயில் கோயிலாகப் போய்வந்ததைத்தான் எழுதியிருக்கிறேன். இது கேதத்துக்குப் போன பயணம். ஆனாலும் வாடகைக் கார் பிடித்து ஊர் ஊராகப் போகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். வயிறு எரிந்துதான் எழுதுகிறேன்.

தூரம் ஒன்றும் அதிகமில்லை. திருவரங்குளத்திலிருந்து புதுக்கோட்டை, அங்கிருந்து அன்னவாசல், இலுப்பூர், விராலிமலை. மொத்தம் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ஒன்றரை மணி நேரம் போதும். டவுன் பஸ்ஸில் மாறி மாறிப் போகலாம் என்றுதான் நான் சொன்னேன். என் தம்பி முருகேசன் ஒத்துக்கொள்ளவில்லை.

"பொறந்த வீட்டுக் கோடி பஸ்லயா போறது? நாலு பேரு என்ன சொல்லுவான்?" என்றான்.

கல்யாணமாகிப் போன பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து புதுப் புடவை கொண்டுபோய்ப் போர்த்த வேண்டும். அதுதான் கோடி. உடன்பிறந்தவன் அதைப் போட்ட பிறகுதான் உடலை எடுப்பார்கள். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ராகு காலம். அதற்குள் எடுத்தாக வேண்டும் என்று இரண்டரை மணிக்கு எடுப்பு வைத்திருந்தார்கள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். அக்கா முகத்தைப் பார்க்க வேண்டும்.

கார் வாடகை இரண்டாயிரத்து இருநூறு ரூபாய். பதினொரு மணிக்குக் கிளம்பினோம். டிரைவர் பெயர் பாலு, புதுக்கோட்டைக்காரன். முன்சீட்டில் எங்கள் சித்தப்பா. பின்னால் நானும் தம்பியும். புதுக்கோட்டையில் புடவையும் மாலையும் வாங்கிவிட்டு நகரும்போது பன்னிரண்டேகால். கோடிப் புடவையை நான் மடியில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வேகம் காட்டும் முள் இருக்கிற கண்ணாடி தெரிந்தது. அதில் ஓர் ஓரத்தில் சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்துப் பெரிய பொட்டு. ஆயுத பூசைக்கு வைத்தது போலிருக்கிறது என்று நினைத்தேன். பொட்டுக்கு அடியிலிருந்து மஞ்சளாக வெளிச்சம் கசிந்தது.

"அது என்னப்பா எரியுது?"

"இஞ்சின் லைட்டும்மா. போன வருசத்துல இருந்தே எரியுது. ஏறுறவங்கல்லாம் கேட்டுக்கிட்டே இருந்தாங்க, பொட்டு வச்சு மறைச்சுட்டேன்" என்று சிரித்தான்.

சாமி பெயரைச் சொல்லி விளக்கை மூடியிருக்கிறான்! அப்போதே இறங்கியிருக்க வேண்டும் என்று இப்போது யார் வேண்டுமானாலும் சொல்லலாம். துக்கத்தில் போகிறவளுக்கு இறங்கத் தோன்றுமா?

அன்னவாசலுக்கு முன்னால் ஒரு வளைவில் வேறொரு விளக்கு எரிந்தது. சிவப்பு. நேர் ரோட்டுக்கு வந்ததும் அணைந்தது. அடுத்த வளைவில் திரும்பவும் எரிந்தது. எட்டிப் பார்த்தேன். விளக்கில் ஒரு படம்: நீள மூக்கு வைத்த கேன், மூக்கு நுனியில் ஒரு சொட்டு. நான் முப்பது வருடமாகத் தையல் மிஷின் மிதிக்கிறவள். எண்ணெய்க் கேனை எனக்குத் தெரியாதா?

"பாலு, இஞ்சின்ல எண்ணெய் இல்லைன்னு காட்டுதுப்பா. நிப்பாட்டிப் பாரு."

"சென்சார் லூசும்மா. வளைவுல எரியும், நேராப் போனா அணைஞ்சுரும்."

"அணைஞ்சா சரியாப் போச்சா? அன்னவாசல்ல பங்க் இருக்குல்ல, ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிருவோம்."

முன்னாலிருந்து சித்தப்பா திரும்பினார். "ஏத்தா, கோடி கொண்டுபோற வண்டி எடையில நிக்கக்கூடாது. தெரியாதா ஒனக்கு? சும்மா வா."

தம்பியைப் பார்த்தேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நானும் வாயை மூடிக்கொண்டேன். அன்னவாசல் பெட்ரோல் பங்க் வலது கைப் பக்கமாகக் கடந்து போனது. வாசலிலேயே ஆயில் டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு டப்பா ஊற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

இலுப்பூர் தாண்டியதும் விளக்கு அணையவே இல்லை. இஞ்சினுக்குள் சுத்தியல் தட்டுகிற மாதிரி டக டகவென்று சத்தம். பாலு பாட்டுப் போட்டு அந்தச் சத்தத்தையும் மறைக்கவில்லை, அந்த மட்டும் புண்ணியம். இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓடியிருப்போம். ஒரு குலுக்கு. கார் நின்றது. சாவியைத் திருகினான், திருகினான், அசையவில்லை. மணி ஒன்று இருபது. இரண்டு பக்கமும் காடு, ஆடு மேய்க்கிற ஆள்கூட இல்லை.

அப்போது அந்தப் பாலு சொன்னான் பாருங்கள், அதைத்தான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

"கேத வண்டின்னாலே இப்படித்தான்யா. ஆத்மா இழுக்கும்."

சித்தப்பாவும் தலையாட்டினார். "ஒங்கக்காவுக்கு ஒன்னைய விட்டுப் போக மனசில்ல போலத்தா. அதான் வண்டியப் பிடிச்சு நிப்பாட்டுறா."

"எங்கக்காவா வந்து ஒங்க வண்டி எண்ணெயக் குடிச்சா?" என்று கத்தினேன். பெரியவர் முன்னால் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. உயிரோடு இருந்தவரை ஒருத்தருக்கும் கெடுதல் நினைக்காதவள் மேல், பாடையில் வைப்பதற்கு முன்னாலேயே பழி போட்டுவிட்டார்கள்.

பிறகுதான் பாலு முன்மூடியைத் திறந்து, எண்ணெய் அளவு பார்க்கிற ஆயில் குச்சியை உருவினான். நுனி கறுப்பாக இருந்தது, அவ்வளவுதான். எண்ணெய் ஒரு சொட்டு இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு பால்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பக்கத்துக்கு ஒன்றாகக் கேன் தொங்கியது. விஷயத்தைச் சொன்னதும், "ஒரு ஆள ஏத்திக்கிறேங்க. மூணு பேருன்னா கேனோட விழுந்துருவோம்" என்றார். நான் புடவையோடு முன்னால் போனேன். சித்தப்பா என் கையிலிருந்து அதை வாங்கித் தம்பி கையில் கொடுத்தார்.

"நீ இருத்தா. கோடி போயிட்டாப் போதும்."

கோடி போய்விட்டால் போதுமாம். கோடிக்கு அக்கா இருக்கிறாளா? கூடப் பிறந்தவள் நானா, அந்தப் புடவையா?

தம்பி ஏறிக்கொண்டு, "நீ வர்ற வரைக்கும் நிப்பாட்டி வைக்கச் சொல்றேங்க்கா" என்றான். எடுப்பைத் தள்ளி வைக்கச் சொல்கிறான் என்று புரிந்துகொண்டேன். வண்டி போய்விட்டது. வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். சித்தப்பா காருக்குக் காவலாக உட்கார்ந்துவிட்டார். இரண்டு இருபத்தைந்துக்கு டவுன் பஸ் வந்தது. பெண்களுக்குக் காசில்லாத பஸ். இரண்டாயிரத்து இருநூறு ரூபாய்க் கார் கொண்டுபோய்ச் சேர்க்காத இடத்துக்கு அந்தப் பஸ்தான் என்னைச் சேர்த்தது. விராலிமலையில் இறங்கி, ஆட்டோவுக்கு நூறு ரூபாய் கொடுத்து ஊருக்குள் போகும்போது மூன்று மணி பத்து நிமிடம்.

தெரு முழுக்கப் பூ சிதறிக் கிடந்தது. வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள், தரை ஈரமாக இருந்தது. அக்கா மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"சின்னம்மா, ஆனமட்டும் பாத்தோம். மூணு மணி ஆகப்போகுதுன்னு தூக்கிட்டாங்க. மாமா கோடி போட்டாரு. ஒங்களத்தான் வாசலப் பாத்துக்கிட்டே இருந்தோம்."

போனில் படம் எடுத்து வைத்திருப்பதாகக் காட்ட வந்தாள். நான் பார்க்கவில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பிறகு வெளியூரிலிருந்து வந்த என் மகனுடைய காரில் உட்கார்ந்து, ஒவ்வொரு படமும் என்ன சொல்கிறது என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது இது. வாடகைக் காரில் ஏறுவதற்கு முன்னால் டிரைவரை இஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பச் சொல்லுங்கள். எல்லா விளக்கும் எரிய வேண்டும். இஞ்சின் ஓடியதும் எச்சரிக்கை விளக்குகள் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் சந்தேகப்படுங்கள், பல்பைப் பிடுங்கி வைத்திருப்பார்கள். பொட்டு, ஸ்டிக்கர், டேப் எதுவாவது ஒட்டியிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

ஓடும்போது மஞ்சள் எரிந்தால் மெதுவாகப் போய்ச் சீக்கிரம் ஒர்க்‌ஷாப்பில் காட்ட வேண்டும், வருடக்கணக்கில் விடக் கூடாது. சிவப்பு எரிந்தால் ஓரம் கட்ட வேண்டும். எண்ணெய்க் கேன் என்றால் இஞ்சினை உடனே அணைக்க வேண்டும், வளைவில் மட்டும் எரிந்தாலும்தான். சமதளத்தில் கொஞ்சம் ஆறவிட்டு ஆயில் குச்சியைத் துடைத்து, திரும்ப உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தால் இரண்டு கோட்டுக்கு நடுவில் எண்ணெய் இருக்க வேண்டும். இருந்தும் விளக்கு அணையவில்லை என்றால் ஓட்டவே கூடாது. தண்ணீரில் நிற்கிற குச்சி மாதிரி சிவப்பாக எரிந்தால் சூடு ஏறிவிட்டது. அப்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிடாதீர்கள், முகம் வெந்துவிடும். வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி என்றால், கை பிரேக் இறக்கியிருக்கிறதா பாருங்கள். இறக்கியும் எரிந்தால் அது பிரேக், நகரவே கூடாது. எந்த அவசரமானாலும் நிற்கச் சொல்லுங்கள். நிற்காமல் போனால் சீக்கிரம் போகலாம் என்று சொல்கிறவன் வாயை நம்பாதீர்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வேறு கார் வந்தது. சித்தப்பா முன்னால் ஏறப் போனார். "இருங்க சித்தப்பா" என்று நிறுத்திவிட்டு, டிரைவரைச் சாவி திருப்பச் சொன்னேன். எண்ணெய்க் கேன் சிவப்பாக எரிந்தது. இஞ்சின் ஓடியதும் அணைந்தது. அதற்குப் பிறகுதான் எல்லாரையும் ஏறவிட்டேன்.

அன்றைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். நடு வீட்டில் அக்கா படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். படத்தில் அவள் போட்டிருந்தது நான் தைத்துக் கொடுத்த நீல ஜாக்கெட். கழுத்துப் பட்டி கொஞ்சம் கோணல், வாங்கிப் பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். படத்துக்கு முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.