சுகப்பிரசவம் என்று சொன்ன நாக்கு

சபையாரே, என் உடம்பை நானே அருவருத்த காலத்திலிருந்து தொடங்குகிறேன். சென்ற ஐப்பசியில், ஆம்பூரில், நான்கு படி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு முட்டியது. கணுக்காலை அழுத்தினால் பிசைந்த மாவில் பதிந்ததுபோல் குழி விழும். கல்லூரி மேடைகளில் எதிரணியை வாயடைக்கச் செய்தவள் நான்; ஞானப்பாட்டின் ஓர் அடியைக்கூட முடிக்க இயலாமல் இருமினேன். தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து வீசும் ஊன் நாற்றத்தைப் பொறுத்த எனக்கு, என் வீங்கிய முகத்தைக் கண்ணாடியில் கண்டு குமட்டியது.

அதைவிடக் குமட்டத்தக்கது என் பொய். மூன்றாண்டுகளுக்கு முன், தாய்வீட்டில் என் மகள் பிறந்தபோது, கண் இருண்டு இருமுறை வலிப்பு வந்தது. பிழைத்தேன். மறுநாளே அம்மா முடிவு சொல்லிவிட்டார்.

“வலிப்புன்னு வெளிய மூச்சு வுடாத. உன் தங்கச்சிக்கு வரன் பாக்கணும். பரம்பரை நோவுன்னு பேசுவாங்க. யார் கேட்டாலும் சுகப்பிரசவம்னு சொல்லு. பெத்தாச்சி, அதோட போச்சி.”

அதோடு போகவில்லை. இந்த வீக்கத்தைப் பார்த்த உள்ளூர் மருத்துவர் பிரசவம் பற்றிக் கேட்டபோது, “சுகப்பிரசவம்” என்றேன். சோகை என்று எண்ணி டானிக் கொடுத்தார். சத்தியத்தின் மேன்மையைப் பேசிப் பரிசு வாங்கிய நாக்கு அது. சிறிதும் கூசவில்லை.

மூச்சுத் திணறல் முற்றியதும் வேலூருக்கு ரயிலேறினேன். தங்கைக்கு நிச்சயித்த மாப்பிள்ளையின் சித்தியும் நெஞ்சுவலிக்கு வைத்தியம் பார்க்க உடன் வந்தார். டாக்டரம்மா முன் ஒரே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தோம். என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தவர் முகம் மாறியது.

“இவ்ளோ ரத்தக் கொதிப்பு இந்த வயசுல எப்படி? பிரசவம் எப்படி ஆச்சும்மா?”

சித்தி என்னையே பார்த்தார். சொன்னால் தங்கையின் திருமணம் முறியலாம். மறைத்தால் நான் சாகலாம். ‘ஆண்டவரே, மேடையில் தந்த நாவை இங்கேயும் தாரும்’ என்று மட்டும் ஜெபித்தேன். குணமாக்கும் என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை. நாக்கு அசைந்தது. வீக்கம், வலிப்பு, பொய், எல்லாவற்றையும் சொன்னேன்.

சித்தி பெஞ்சில் முன்னால் நகர்ந்து, “எனுக்கும் ரெண்டாவது புள்ளைக்கு அதே மாதிரி இழுத்துச்சி, டாக்டரம்மா. நானும் இருவது வருசமா சுகப்பிரசவம்னுதான் சொல்லிக்கினு திரியறேன். ரெண்டு பேரும் நல்லா சேந்தோம் போ” என்றார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “அந்தக் கொதிப்பு புள்ள பொறந்ததோட போயிடும்னு நம்பக் கூடாது. சில பேருக்கு உள்ளயே இருந்து இதயத்தைக் கெடுக்கும். உங்க கையையும் நீட்டுங்கம்மா.” சித்திக்கும் கொதிப்பு மிகுந்திருந்தது.

ஒரு மாதம் படுக்கை. உப்பில்லாச் சோறு, அதைப்போல் அருவருப்பான உணவு வேறில்லை. மாத்திரைகள். வீக்கம் வடிந்தது. இன்றும் மாதந்தோறும் இருவரும் சேர்ந்தே வேலூர் போகிறோம். தையில் தங்கையின் திருமணம் நடந்தது. தாலியை எடுத்துக் கொடுத்தவர் அந்தச் சித்திதான்.

என்னைத் துணிச்சல்காரி என்று புகழாதீர்கள். மூன்றாண்டு பொய் சொன்னவளுக்கு அந்தப் புகழ் ஒவ்வாது. நான் கேட்டது ஒரு வாய்ச்சொல். ஆண்டவர் தந்தது இரண்டு உயிர். சகோதரிகளே, உங்களில் எத்தனை பேர் ‘சுகப்பிரசவம்’ என்ற ஒரு சொல்லின் பின்னால் ஒளிந்திருக்கிறீர்கள்? இன்றே ஜெபியுங்கள். ஜெபித்தபின் எழுந்து போய், டாக்டரிடம் உங்கள் கையை நீட்டுங்கள்.